ஜாடி நிறைய ஆராய்ச்சி

ஆகஸ்ட் மாதம். நைல் கழிமுகத்துச் சிற்றூர்களில் காற்று என்று ஒன்று இருந்ததையே எல்லோரும் மறந்துவிட்டிருந்தார்கள். வெளிநாட்டு ஓட்டல்களுக்குப் போகிற படுக்கை விரிப்புகளின் மேல் நீராவிப் பெட்டியை இழுத்துக்கொண்டிருந்த இன்ஸாஃப், காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. நோன்பு மாதமில்லை. தண்ணீருக்குப் பஞ்சமும் இல்லை. இஸ்திரிக் கூடத்தின் மூலையில் குளிர்ந்த நீர் இயந்திரம் உறுமிக்கொண்டுதான் இருந்தது. அதற்கு மேலே ஒரு சுவரொட்டி. கண்ணும் வாயும் வைத்த சிறுநீரகம் ஒன்று கையில் டம்ளரோடு சிரித்தது. 'என்னை மறந்துவிடாதே!' என்று அடியில் எழுதியிருந்தது.

அவள் மறக்கவில்லை. கழிவறை பூட்டியிருந்தது.

சாவி எஞ்சினியர் வகீஹின் இடுப்பில் தொங்கியது. அவர் எங்கே, எதைப் படித்து எஞ்சினியர் ஆனார் என்று யாருக்கும் தெரியாது. எகிப்தில் ஒரு மனிதன் டை கட்டி, இடுப்பில் சாவிக்கொத்தும் மாட்டிவிட்டால் ஊர் அவனைத் தானாகவே எஞ்சினியர் ஆக்கிவிடும். பெண்கள் கழிவறைக்குள் போய் போனில் பேசுகிறார்கள் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அதனால் மதிய இடைவேளைக்கு மட்டும் கதவு திறக்கும். தையல் கூடமும் இஸ்திரிக் கூடமும் சேர்ந்து நூற்றுக்கு மேல் பெண்கள், ஒரே ஒரு கழிவறை, அரை மணி நேரம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த எவளும் காலையில் தண்ணீர் குடிக்க மாட்டாள். எஞ்சினியர் போட்டுப் பார்த்ததில்லை. அவருடைய அறைக்குள் அவருக்கென்று ஒன்று இருந்தது, நீலப் பளிங்கு பதித்தது.

இன்ஸாஃபுக்கு இது வெறும் அசௌகரியமாக இருந்த காலம் போய்விட்டது. போன வருஷம் அவளுடைய வலப்பக்கச் சிறுநீரகக் குழாயில் ஒரு கல் வந்து உட்கார்ந்துகொண்டது. வலி மாத்திரையை விழுங்கி விழுங்கி வேலைக்குப் போனாள். அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அறுவை மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்தச் சிறுநீரகம் காய்ந்த திராட்சை மாதிரி சுருங்கிவிட்டது என்றார். இப்போது இடப்பக்கமும் ஒரு சின்னக் கல் தெரிகிறது.

"உனக்கு இனி இருக்கிறது ஒண்ணே ஒண்ணு," என்றார் அவர். அவருக்கும் தூக்கம் போதவில்லை, மரியாதைக்கு நேரமில்லை. "போற நீர் வைக்கோல் கழுவின தண்ணி மாதிரி வெளுப்பா இருக்கணும். டீ நிறத்துல போச்சுன்னா நீ எனக்கு வேலை வைக்கிறேன்னு அர்த்தம். பார்லி தண்ணி குடி, வெறும் தண்ணி குடி, நைலையே குடி. ஆனா குடி."

அந்த மருத்துவரின் சீட்டை எடுத்துக்கொண்டு எஞ்சினியரிடம் போனாள். வேறெதுவும் கேட்கவில்லை. வேண்டும்போது கதவைத் திறந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

"உம் ஹிஷாம்," என்று மகன் பேரைச் சொல்லி மரியாதையாகவே ஆரம்பித்தார் எஞ்சினியர். மரியாதை அதோடு முடிந்தது. "இன்னிக்கு உனக்குத் திறந்தா நாளைக்கு ஊருக்கே திறக்கணும். கல்லுக்குக் காரணம் இந்தக் கூடம்னு யார் சொன்னா?"

"டாக்டர் சொன்னாரு."

"அவர் வயித்தைக் கிழிக்கிற டாக்டர். காரணம் கண்டுபிடிக்கிற டாக்டர் வேற. அவர் நம்ம கம்பெனிக்கே வர்றார். ஆராய்ச்சி நடக்கப் போகுது. நீங்க எல்லாம் போதுமான அளவு நீர் போகலைன்னு விஞ்ஞானம் சொல்லட்டும், சாவியை நானே கழட்டி உன் கையில குடுக்கிறேன். இத்தனை பேர் சாட்சி."

இன்ஸாஃப் அதைப் பிடித்துக்கொண்டாள். இந்தக் கூடத்தில் ஒருத்தியும் போதுமான அளவு நீர் போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். அளந்து பார்த்தால் விஞ்ஞானத்துக்கும் தெரிந்துவிடும். ஆகவே விஞ்ஞானத்துக்காகக் காத்திருந்தாள்.

விஞ்ஞானம் கறுப்புக் காரில் வந்து இறங்கியது. பேராசிரியர் டாக்டர் ஸர்வத். அவருடைய பட்டங்களை அறிவித்தவர் நடுவில் ஒரு தடவை மூச்சு வாங்கிக்கொண்டார். உலகத்தில் கல் விளைகிற வெப்ப நாடுகளின் பட்டையில் நம் ஊர் நட்ட நடுவில் இருப்பதாகச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தால், அந்தப் பட்டையை அவரே வரைந்தார் என்று தோன்றும். பிறகு உதவியாளர் நெர்மீன் என்கிற இளம் டாக்டரிடம் வேலையைக் கொடுத்துவிட்டு நீலப் பளிங்கு அறைக்குப் போனார்.

நெர்மீன் ஒவ்வொருத்திக்கும் ஒரு பெரிய ஆரஞ்சு நிற ஜாடி கொடுத்தாள். காலையில் முதல் தடவை போவது வேண்டாம். அதற்குப் பிறகு மறுநாள் காலை வரை போகிற ஒவ்வொரு சொட்டும் இதற்குள். குளிர்ப் பெட்டியில் வைக்க வேண்டும். எவ்வளவு இருக்கிறது, அதில் உப்பு எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு, கல்லைக் கரைய வைக்கிற சத்து எவ்வளவு என்று பார்ப்பார்கள். "வேலை நாள்லயே எடுங்க," என்றாள். "நீங்க சாதாரணமா எப்படி இருக்கீங்களோ அப்படித்தான் எனக்கு வேணும்."

"ஜாடியைக் கூடத்துக்குள்ள கொண்டு வரக் கூடாது," என்றார் எஞ்சினியர் உடனே. "வெளிநாட்டு வியாபாரி திடீர்னு வந்து நிப்பான். அவன் படுக்கிற விரிப்புக்குப் பக்கத்துல அந்த ஜாடியைப் பார்த்தா என்ன நினைப்பான்?"

நெர்மீன் வாயைத் திறந்தாள். அதற்குள் திரும்பி வந்திருந்த பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் வாயை மூடினாள்.

*

இன்ஸாஃபின் வீட்டுக் குளிர்ப் பெட்டியில் ஜாடி, முலுக்கியா கீரைக் கிண்ணத்துக்கும் ஊறுகாய்க்கும் நடுவில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தது. மறுநாள் விடிகாலையில் அதன் அடிப்பக்கத்தில் கறுத்த டீ நிறத்தில் கொஞ்சம் இருந்தது. அவ்வளவுதான். அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். இதைவிடத் தெளிவாக ஒரு ஜாடியால் பேச முடியாது.

ரொட்டி சூடு பண்ணிக்கொண்டு திரும்பியபோது ஜாடி கழுத்து வரை நிறைந்திருந்தது. பக்கத்தில் அவள் கணவன் ஷஹாத்தா பைஜாமா நாடாவை முடிந்துகொண்டு, நல்ல காரியம் செய்த மனிதனின் நிதானத்தோடு நின்றான்.

"என்ன பண்ணீங்க?"

"ரொப்பினேன்."

"எதால?"

"எதாலன்னா? சர்பத்தாலயா? முதல்ல நான் கொஞ்சம், அப்புறம் என் தம்பி கொஞ்சம். பையனையும் எழுப்பினேன். பாவம், தூக்கத்துலயே வந்து குடுத்துட்டுப் போனான்."

"யா ரப்பி, ஆண்டவனே! அது என்னோடது மட்டும் இருக்கணும், மனுஷா! அது பரிசோதனை!"

"ஹிஷாம் அம்மா, கத்தாத. அந்தப் பொண்ணு படிச்ச பொண்ணு. நம்பி ஒரு பாத்திரம் குடுத்திருக்கு. அடியில ஒட்டிக்கிட்டிருக்கிற மாதிரி இத்துனூண்டு வச்சுத் திருப்பிக் குடுத்தா நம்ம வீட்டைப் பத்தி என்ன நினைக்கும்? உங்க அம்மா வீட்டுல வேணா காலிப் பாத்திரம் போகும். ஷஹாத்தா வீட்டுப் படியை விட்டு வெறும் பாத்திரம் இறங்கினதில்ல."

அது உண்மை. இந்த ஊரில் பக்கத்து வீட்டிலிருந்து அரிசிப் பாயசம் வந்த கிண்ணம் எதையாவது சுமந்துகொண்டுதான் திரும்பிப் போகும். பேரீச்சம்பழமோ, நாலு எலுமிச்சையோ, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையோ. வெறுமனே திருப்பினால் சண்டை என்று அர்த்தம். அதற்காக இதையுமா?

"பாயசக் கிண்ணமாய்யா இது!" என்று அவள் கையை ஓங்கியபோது தெருவில் தொழிற்சாலைப் பேருந்து ஹார்ன் அடித்தது. ஒரு நாள் தவறினால் பெயர் விட்டுப் போகும் என்று சொல்லியிருந்தார்கள். ஜாடியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பேருந்தில் ஒவ்வொருத்தி மடியிலும் ஒரு ஆரஞ்சு ஜாடி. வண்டி குலுங்கும்போது எல்லாம் தளும்பின. ஏன் இத்தனையும் தளும்புகின்றன என்று அவள் அப்போது யோசிக்கவில்லை. தன் வீட்டு மடையனைத் திட்டிக்கொண்டிருந்தாள். என் ஒருத்தியோடது கெட்டால் என்ன, மற்றவர்களுடையது உண்மையைச் சொல்லும் என்று தேற்றிக்கொண்டாள். அவற்றையெல்லாம் நெர்மீனிடம் கொடுத்தபோது அந்தப் பெண்ணின் புருவம் கொஞ்சம் உயர்ந்தது.

*

முடிவைச் சொல்ல ஒரு விழா ஏற்பாடானது. பெண்களின் வேலை நேரம் வீணாகக் கூடாது என்பதால் மதிய இடைவேளையில் வைத்தார்கள். அதாவது, கழிவறை திறந்திருக்கிற ஒரே அரை மணி நேரத்தில். துணி வெட்டும் கூடத்தின் மேசைகளை ஒதுக்கி ஒரு மேடை போட்டார்கள். வாசலை எஞ்சினியரின் காவலாளி அடைத்துக்கொண்டு நின்றான். யாரும் எழுந்து போகக் கூடாது. விருந்தாளிக்கு அவமரியாதை.

பேராசிரியர் தண்ணீரின் மகத்துவம் பற்றிப் பேசினார். தண்ணீர் ஆண்டவன் கொடை என்றார். தாகம் எடுக்கிற வரை காத்திருப்பது அறியாமை என்றார். நடுநடுவே முன்னால் இருந்த தண்ணீர்ப் புட்டியை எடுத்துக் குடித்தார். சொன்னபடி வாழ்கிறவர். அதனால் பாதிப் பேச்சில் 'மன்னிக்கணும்' என்று சொல்லிவிட்டு நீலப் பளிங்கு அறைக்கு ஒருமுறை போய்த் திரும்பினார். கால்களைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்கள் அவர் போவதையும் வருவதையும் பார்த்தார்கள். அப்படி ஒரு பார்வையை அந்தப் பேராசிரியர் வேறெந்த மாநாட்டிலும் சந்தித்திருக்க மாட்டார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

"முடிவுக்கு வருகிறேன்," என்றார். "இந்தத் தொழிற்சாலைப் பெண்களின் சிறுநீர் அளவைக் கண்டு நானே வியந்துபோனேன். அருமை! அபாரம்! ஐரோப்பாவில்கூட இந்த அளவு கிடையாது. ஆகவே இங்கே தண்ணீர்க் குறைவு என்கிற பேச்சுக்கே இடமில்லை. கல்லுக்குக் காரணம் உங்கள் சமையலறையில் இருக்கிறது. ஊறுகாய். உப்பு. முலுக்கியா கீரை. உங்கள் ரத்தத்தில் வருகிற பரம்பரை. தொழிற்சாலை குற்றமற்றது."

எஞ்சினியர் வகீஹ் முதலில் கை தட்டினார். 'சிறுநீரகத் தோழமை நிறுவனம்' என்று பொறித்த கண்ணாடிக் கேடயம் அவர் கைக்குப் போனது. அவர் அதை முத்தமிட்டார்.

இன்ஸாஃபுக்குக் காது அடைத்தது. அவளுடைய ஜாடி ஒன்றுதானே கெட்டது? பக்கத்தில் உட்கார்ந்திருந்த தையல்காரி ரஸ்மிய்யாவைத் திரும்பிப் பார்த்தாள். ரஸ்மிய்யா தரையைப் பார்த்தாள்.

"ரஸ்மிய்யா. உன் ஜாடி?"

"என்ன என் ஜாடி?"

"யாரோடது?"

"கொஞ்சம் என்னோடது." ரஸ்மிய்யா முக்காட்டுக்குள் முனகினாள். "மாமனார் கேட்டாரு, இவ்வளவுதானா குடுக்கப் போறன்னு. மானம் போச்சு. அவருக்குச் சர்க்கரை வியாதி வேற. ஒரே ஆளா ரொப்பிட்டாரு."

"நீ?" என்று அடுத்தவளைக் கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரரும் மச்சினரும்."

"நான் குழாய்த் தண்ணி கொஞ்சம் ஊத்தினேன் அக்கா. வெறுமனே எப்படித் திருப்பிக் குடுக்கிறது?"

அந்த வரிசை முழுக்க, அதற்குப் பின் வரிசை முழுக்க, ஊரின் ஆண்களும் மாமியார்களும் குழாயும் சேர்ந்து மரியாதை செய்திருந்தார்கள். இன்ஸாஃபுக்குச் சிரிப்பு வரவில்லை. இடது விலாவுக்குக் கீழே அந்த ஒற்றைச் சிறுநீரகம் இழுத்துப் பிடித்தது. ஷஹாத்தா மேல் வந்த கோபம் அந்தக் கூடத்தில் இருந்த எல்லோர் மேலும் பரவி, கடைசியில் கேடயத்தை முத்தமிடுகிற வாயில் போய் நின்றது. எழுந்தாள்.

"பேராசிரியர் ஐயா!"

"கேள்விகள் கடைசியில், அம்மா."

"கேள்வி இல்லைங்க. நீங்க வியந்துபோனீங்களே, அது என் புருஷனோடது."

இன்ஸாஃப் தன் வரிசையைக் கை காட்டினாள்.

"என் புருஷனோடது, அவர் தம்பியோடது, தூங்கிக்கிட்டிருந்த என் பையனோடது. இதோ இவளோடது இவ மாமனாருது. சர்க்கரை வியாதிக்காரரு, கொடை வள்ளலு. அதோ அவளோடது குழாய்த் தண்ணி. எங்களோடது அடியில ரெண்டு விரல் இருந்துச்சு, டீ நிறத்துல. காலி ஜாடியா குடுக்கக் கூச்சப்பட்டு வீட்டுல ரொப்பிட்டாங்க. ஐரோப்பாவுல இல்லாத அளவு எங்க ஆம்பளைங்களோடதுங்க, ஐயா!"

அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பில் காவலாளியும் கலந்துகொண்டான். பாதிச் சிரிப்பில் பல பெண்கள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நிறுத்தினார்கள். அவர்கள் இருந்த நிலையில் முழுசாகச் சிரிப்பது ஆபத்து.

பேராசிரியர் நெர்மீனைப் பார்த்தார். நெர்மீன் எழுந்து நின்றாள்.

"நான் அப்பவே சொன்னேன் சார். தசையிலிருந்து வர்ற கழிவு ஒண்ணு இருக்கு, ஆளோட உடம்புக்கு ஏத்த மாதிரிதான் அது இருக்கும். இங்க பாதி ஜாடிகள்ல ரெண்டு மூணு தடியன்களுக்கு இருக்கிற அளவு இருக்குன்னு சொன்னேன். கழிமுகத்துப் பொம்பளைங்க திடகாத்திரமானவங்கன்னு நீங்க சொல்லிட்டீங்க."

"ஒரு முடிவுக்குப் பின்னால் பெரிய உழைப்பு இருக்கிறது," என்றார் பேராசிரியர், குரலைத் தாழ்த்தி. "மாநாட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. யாரோ ஒருத்தி எழுந்து சொல்வதற்காக..."

"அப்போ மறுபடி எடுங்க," என்றாள் இன்ஸாஃப். "ஜாடியை இங்கேயே, என் இஸ்திரி மேசை மேல வைங்க. கதவைப் பூட்டி வச்ச நாள் ஒண்ணு, திறந்து வச்ச நாள் ஒண்ணு. பார்த்துட்டுச் சொல்லுங்க, ஊறுகாயா பூட்டான்னு."

"உம் ஹிஷாம்!" எஞ்சினியர் கேடயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "விருந்தாளி முன்னாடி இப்படி ஒரு அசிங்கமா? விஞ்ஞானம் சொல்லியாச்சு. முடிஞ்சுபோச்சு. இடைவேளையும் முடிஞ்சுது. எல்லாரும் மெஷினுக்குப் போங்க!"

"யாரும் இன்னும் கழிவறைக்குப் போகலைங்க."

"நாளைக்கு இடைவேளையில போகலாம்."

நாளைக்கு. அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னதை இன்ஸாஃபால் தாங்க முடியவில்லை. ரஸ்மிய்யாவின் மேலங்கிப் பைக்குள் கையை விட்டாள். தையல் இயந்திரத்தின் தகட்டைக் கழற்றுகிற திருப்புளி எப்போதும் அங்கே இருக்கும். அதை உருவிக்கொண்டு நடந்தாள்.

"எங்க போறா இவ?" என்றார் எஞ்சினியர். காவலாளி விலகி வழிவிட்டான். அவனுக்கும் தையல் கூடத்தில் ஒரு தங்கை இருந்தாள்.

கழிவறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கிற கதவு. கீல்கள் வெளியே இருந்தன. பூட்டைப் பற்றி இத்தனை வருஷம் யோசித்த யாரும் கீலைப் பற்றி யோசித்ததில்லை. முதல் திருகு துருப்பிடித்து அசைய மறுத்தது. இன்ஸாஃப் அதைத் திட்டினாள். அதன் அப்பாவையும், அதைச் செய்த ஆலையையும், டை கட்டிய எல்லா ஆண்களையும் சேர்த்துத் திட்டினாள். அது அசைந்தது. ரஸ்மிய்யா வந்து கதவைத் தாங்கிப் பிடித்தாள். பின்னால் மற்றவர்கள் வந்து நின்றார்கள், வரிசையாக. வரிசையில் நிற்க அவர்களுக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை.

"சம்பளத்துல பிடிப்பேன்!" என்று எஞ்சினியர் வகீஹ் கூட்டத்துக்கு வெளியிலிருந்து கத்தினார். "வேலையை விட்டே தூக்கிடுவேன்! அது கம்பெனிக் கதவு!"

"கதவை நாங்க எடுத்துக்கலைங்க, எஞ்சினியர்," என்றாள் ரஸ்மிய்யா. "உங்ககிட்டயேதான் தரப் போறோம்."

நாலு பெண்கள் கதவைப் பூட்டோடு தூக்கிக்கொண்டு போய் மேடையில் கேடயம் முதலில் இருந்த மேசை மேல் படுக்க வைத்தார்கள். திறந்து கிடந்த வாசலில் யாரோ ஒருத்தி ஓட்டல் விரிப்பு ஒன்றைத் தொங்கவிட்டாள். தையல் பிசகி ஒதுக்கப்பட்ட இரண்டாம் தரம். அவர்கள் யார் வீட்டுக் கட்டிலிலும் அத்தனை மென்மையான துணி கிடையாது.

இன்ஸாஃப் அந்த வரிசையில் நிற்கவில்லை. அவளுக்கு இப்போது அவசரமில்லை. ஏனென்றால் அவளுக்குள் போவதற்கு ஒன்றுமில்லை. நேராக மேடைக்கு வந்தாள். பேராசிரியருக்கு முன்னால் இன்னொரு பெரிய தண்ணீர்ப் புட்டி, மூடி திறக்காமல், பனித்துளி அரும்பி நின்றது. அதை எடுத்து மூடியைத் திருகினாள்.

"அது சாரோட தண்ணி!" என்றார் எஞ்சினியர்.

அவள் குடித்தாள். நின்றபடி, பேராசிரியர் முகத்தைப் பார்த்தபடி, நிறுத்தாமல் குடித்தாள். தண்ணீர் மோவாயில் வழிந்து கழுத்துக்குள் இறங்கியது. தொண்டை வலித்தது, நெஞ்சு வலித்தது, நிறுத்தவில்லை. நெர்மீன் தன் பையிலிருந்து ஒரு புதிய ஆரஞ்சு ஜாடியை எடுத்து மேசை மேல் வைத்தாள். பேராசிரியர் அதைப் பார்த்தார், பார்க்காத மாதிரி கார்ச் சாவியைத் தேடினார்.

கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிவிட்டு இன்ஸாஃப் புட்டியைத் தலைகீழாகப் பிடித்து உதறிக் காட்டினாள். பிறகு அதைக் கொண்டுபோய்ப் பேராசிரியரின் கையில் திணித்தாள். அவர் பிடித்துக்கொள்ளும் வரை விடவில்லை.

"நல்லாப் பாத்துக்குங்க, ஐயா," என்றாள். "போற இடத்துல எல்லாம் சொல்லுங்க. ஷஹாத்தா பொண்டாட்டி பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் குடுத்தான்னு."